முன்வாசல் மண்ணில் துளை போடும் கருங்குளவி: மருந்து அடிக்கலாமா?

கரிசல்வீடு:
எல்லாருக்கும் வணக்கம். கோவில்பட்டி பக்கம் எங்க வீடு. முன்வாசல்ல தண்ணி பைப் போடத் தோண்டி மூடின இடம் இன்னும் பொலபொலன்னு கிடக்கு. மழை பெஞ்சதுக்கு அப்புறம் அங்க ஒரு பெரிய கருங்குளவி வர ஆரம்பிச்சிருக்கு. நீளம் ஒரு அங்குலத்துக்கு மேலயே இருக்கும். முகத்துல மட்டும் வெள்ளி பூசின மாதிரி பளபளப்பு. முன்னங்காலால மண்ணை வாரி வயித்துக்கு அடியில பின்னாடி தள்ளுது. உள்ள போனதும் "ர்ர்ர்"னு ஒரு சத்தம் கேக்குது. நேத்து ஒரு பச்சை வெட்டுக்கிளியைக் கொண்டு வந்துச்சு. வெட்டுக்கிளி மேல கால் பரப்பி நின்னுக்கிட்டு, அதோட மீசையைக் கவ்வி இழுத்துக்கிட்டே போச்சு. வெட்டுக்கிளி சாகல. கிட்ட உக்காந்து பாத்தேன், வயிறு மெதுவா ஏறி இறங்குது.

வீட்ல சின்னப் பிள்ளைக ரெண்டு பேர். அத்தை மருந்து அடிச்சிருன்னு சொல்றாங்க. எனக்கு மனசு வரல. என்ன பண்ணலாம்?

முருங்கைமரம்:
பிள்ளைங்க இருக்கிற வீட்ல யோசிக்கவே கூடாதுங்க. ராத்திரி துளைக்குள்ள மண்ணெண்ணெய் ஊத்தி மண்ணைப் போட்டு அடைச்சிடுங்க. போன வருசம் எங்க ஊர்ல பனைமரத்துக் கதண்டு கொட்டி ஒருத்தரு ஆஸ்பத்திரி போய்ச் சேரறதுக்குள்ளயே போயிட்டாரு.

பூச்சிநோட்டு:
அக்கா, தயவுசெஞ்சு ஊத்திடாதீங்க. முருங்கைமரம் அண்ணன் சொல்ற கதண்டு பயம் நியாயமானது. ஆனா இது கதண்டு இல்லை. நீங்க சொல்ற அடையாளத்தைப் பார்த்தா இது ஸ்பெக்ஸ் பேரினத்துக் குளவி. வெட்டுக்கிளி, தத்துக்கிளி, சில்வண்டு (மரத்தில் கத்துறது இல்லை, ராத்திரி தரையில் கத்துறது) வகைகளைத்தான் வேட்டையாடும். எந்த ஸ்பெக்ஸ் என்று பெயர் சொல்லப் படம் வேணும், சில நேரம் படமும் போதாது.

கதண்டு கூட்டைக் கலைச்சா கூட்டமா வந்து கொட்டுறதுக்குக் காரணம் இருக்கு. அங்க ராணி ஒருத்தி, வேலைக்காரிகள் நூற்றுக்கணக்கில். காவலுக்குப் போன நாலு பேர் செத்தாலும் குடும்பம் நிற்கும். உங்க வாசல் குளவிக்கு அந்தக் கணக்கே கிடையாது. குழி தோண்டுறது, வேட்டைக்குப் போறது, முட்டை வைக்கிறது எல்லாம் அவள் ஒருத்திதான். ஒரு சண்டையில் அவள் செத்தா, தோண்டின குழியோட அவள் கதை முடிஞ்சது. அதனால ஆள் கிட்ட வந்தா பறந்து போயிடுவா. அவளோட கொடுக்கு வேட்டைக்குன்னே ஆன கருவி. கையால் இறுக்கிப் பிடிச்சாலோ வெறுங்காலால் மிதிச்சாலோதான் நம்மைக் கொட்டுவா. ஆண் குளவிக்குக் கொடுக்கே கிடையாது.

ஒரு விஷயம் மட்டும் கவனிங்க. ஒரே துளையில் பல குளவிகள் வரிசையா போய் வந்துக்கிட்டு இருந்தா அது வேற கதை. கதண்டு வகையிலேயே சில தரைக்கடியில் கூடு வைக்கும். அப்படி இருந்தா கிட்டவே போகாம தீயணைப்பு நிலையத்துக்குச் சொல்லுங்க. ஒரு துளைக்கு ஒருத்திதான் என்றால் பயமே வேண்டாம். பிள்ளைகளுக்குச் செருப்பு போட்டு விடுங்க, அவ்வளவுதான். எந்தக் குளவி கொட்டினாலும் முகம் வீங்கினா, மூச்சு வாங்கினா தாமதிக்காம ஆஸ்பத்திரி போயிடணும். இது ஒவ்வாமை உள்ளவங்களுக்கான எச்சரிக்கை.

அந்த "ர்ர்ர்" சத்தம் இறக்கைத் தசையை அதிர வெச்சு மண்ணை இளக்குறது. துளையை மூடும்போதும் அதே அதிர்வோட தலையால் மண்ணைக் குத்தி இறுக்குவா, கொத்தனார் திமுசு போட்டுத் தரை இறுக்குற மாதிரி. இவளுக்குத் தூரத்துச் சொந்தம் அம்மோஃபிலா என்று இடுப்பு மெலிஞ்ச ஒரு குளவி. அதில் சிலது ஒரு சின்னக் கல்லை வாயால் கவ்வி, அதை வெச்சு மண்ணைத் தட்டி இறுக்கும். அமெரிக்காவில் விஸ்கான்சின் மாநிலத்தில் ஜார்ஜ் பெக்காம், எலிசபெத் பெக்காம் என்ற தம்பதி இதைப் பார்த்து 1898-ல் எழுதி வெச்சாங்க. பூச்சி ஒன்று கருவி பிடிச்சதுக்கான பழைய பதிவுகளில் இதுவும் ஒன்று.

கரிசல்வீடு:
ரொம்ப நன்றி தம்பி. ஒரு துளைக்கு ஒன்னுதான் போகுது. அப்போ அந்த வெட்டுக்கிளி உயிரோடவா உள்ள கிடக்கும்?

பூச்சிநோட்டு:
ஆமாங்க்கா, உயிரோடதான். நெஞ்சுப் பகுதியில் கால்களை ஆட்டுற நரம்பு முடிச்சுகள் இருக்கும். அதுங்க பக்கத்தில் பார்த்துக் கொட்டுவா. கால் ஓடாது, ஆனா உடம்பு அழுகாது. செத்த பூச்சி இந்த வெயிலில் மண்ணுக்குள்ள பூஞ்சை பிடிச்சுப் போயிடும், குஞ்சுக்கு ஆகாது. முட்டையை அந்த உயிருள்ள வெட்டுக்கிளி மேலேயே ஒட்டி வைப்பா. சில நாளில் புழு வெளியே வந்து தின்னத் தொடங்கும். தின்னு முடிச்சு கூட்டுப்புழுவாகி, பருவம் வரும்போது குளவியா மேலே வரும். தாய் இதில் எதையும் பார்க்க மாட்டா. குளவிக்குச் சாப்பாடு பூந்தேன். வெட்டுக்கிளி முழுக்கப் பிள்ளைக்குத்தான்.

அகல்விளக்கு:
எங்கள் ஐயா சொல்லிக் கேட்டிருக்கிறேன். குளவி புழுவைக் கொண்டு வந்து கூட்டில் வைத்து, கொட்டிக் கொட்டி அதையும் குளவியாக்கிவிடும் என்பார்கள். குரு சீடனைத் தன்னைப் போல் ஆக்குவதற்குச் சைவத்தில் இதைத்தான் உவமையாகச் சொல்வது வழக்கம். அந்தக் காலத்தில் கூட்டை உடைத்துப் பார்க்காமலா சொல்லியிருப்பார்கள்?

பூச்சிநோட்டு:
ஐயா, உடைத்துப் பார்த்திருப்பார்கள் என்றே நினைக்கிறேன். உள்ளே போனது புழு, வெளியே வந்தது குளவி. இந்த இரண்டையும் கண்ணால் பார்த்தவர்கள் வேறு என்ன முடிவுக்கு வர முடியும்? அந்த முட்டை அரிசிக் குருணை அளவுதான், புழுவின் பக்கவாட்டில் ஒட்டியிருக்கும். தெரியாதவர் கண்ணில் படாது. வீட்டுச் சுவரில் மண்கூடு கட்டும் குளவியை வைத்துச் சொன்ன உவமை அது. நமது வாசல் குளவி சுவருக்குப் பதில் தரையை எடுத்துக்கொண்டிருக்கிறது, முறை ஒன்றேதான். உவமையாக அது நின்றுகொண்டே இருக்கட்டும், அதன் பொருள் குளவியை நம்பி இல்லை.

தர்க்கம்:
இழை நன்றாகப் போகிறது, ஒரு எதிர்க்கருத்தும் வைக்கிறேன். தாய், பிள்ளை, அக்கறை என்று பேசுகிறோம். ஸ்பெக்ஸ் என்றால் தத்துவத்திலும் கணினித் துறையிலும் நினைவுக்கு வருவது ஒரு பரிசோதனைதான். குளவி சில்வண்டைத் துளை வாசலில் வைத்துவிட்டு உள்ளே போய் ஒருமுறை பார்த்துவிட்டு வரும். அது உள்ளே இருக்கும்போது சில்வண்டைக் கொஞ்சம் தள்ளி வைத்தால், வெளியே வந்த குளவி அதை மறுபடி வாசலுக்கு இழுத்து வைத்து, மறுபடி உள்ளே போய்ப் பார்க்கும். மறுபடி தள்ளி வைத்தால் மறுபடி அதேதான். நாற்பது தடவை செய்தாலும் நாற்பது தடவையும் உள்ளே போய்ப் பார்க்கும். எழுதி வைத்த நிரல் ஓடுகிறது என்பதைத் தவிர இதை எப்படி விளங்கிக்கொள்வது? மனம், கணினி பற்றி எழுதிய அமெரிக்க அறிஞர் டக்ளஸ் ஹாஃப்ஸ்டாட்டர் போன்றவர்கள் "யோசனை இல்லாத செயல்" என்பதற்கே இந்தக் குளவியின் பெயரை வைத்தார்கள்.

பூச்சிநோட்டு:
இந்த இடத்துக்கு யாராவது வருவாங்கன்னு எதிர்பார்த்தேன், தர்க்கம் சார். கொஞ்சம் நீளமாவே எழுதுறேன்.

அந்தப் பரிசோதனையைச் செய்தவர் பிரான்சின் ழான் ஆன்ரி ஃபாப்ர், 19-ஆம் நூற்றாண்டில். நாற்பது தடவை என்பது அவர் எழுதியதுதான். ஆனா அதோட அவர் நிறுத்தல. வேறொரு குளவிக் குடியிருப்பில் அதே பரிசோதனையைத் திரும்பச் செஞ்சார். அங்கே இரண்டு மூணு தடவை ஏமாந்த பிறகு, குளவி உள்ளே போய்ப் பார்க்கிறதை விட்டுட்டு, சில்வண்டு மேல ஏறி மீசையைக் கவ்வி நேரே உள்ளே இழுத்துக்கிட்டுப் போயிடுச்சு. ஃபாப்ரே ஒளிக்காம எழுதியிருக்கார். 1963-ல் மூளையைப் பற்றி எழுதின டீன் வூல்ட்ரிட்ஜ் என்ற அமெரிக்கர் நாற்பது தடவை கதையை மட்டும் சொன்னார், இரண்டாவது குடியிருப்பு காணாமப் போச்சு. அவரைப் பார்த்து மத்தவங்க, அவங்களைப் பார்த்து இன்னும் பலர். நெதர்லாந்தின் ஃப்ரெட் கெய்சர் 2013-ல் இந்தக் கதை கை மாறி வந்த வழியை ஒவ்வொரு படியாக எடுத்துக் காட்டி ஒரு கட்டுரை எழுதினார். பாதிக் கதையை வெச்சு ஒரு உயிருக்கு முட்டாள் பட்டம் கட்டினது எனக்கு இன்னைக்கும் ஆறல.

இன்னொன்னு. குளவியின் இடத்தில் நின்னு பாருங்க. இரையை வாசலில் வெச்சிட்டு உள்ளே போறா. திரும்பி வந்தா இரை நகர்ந்திருக்கு. இயற்கையில் அதுக்கு என்ன அர்த்தம்? எறும்பு வந்திருக்கலாம், வேற குளவி வந்திருக்கலாம், மயக்கம் தெளியாத இரை தானே நகர்ந்திருக்கலாம். அப்போ வளையை மறுபடி சோதிக்கிறது சரியான வேலைதானே? இரண்டு விரலால் சில்வண்டைத் தள்ளி வைக்கிற மனுசன் அவளோட உலகத்தில் எப்பவும் இருந்ததில்லை.

இப்ப நினைவாற்றல். நிக்கோ டின்பெர்கன், 1973-ல் நோபல் வாங்கியவர், இளைஞரா இருந்தப்போ நெதர்லாந்தில் ஹுல்ஷார்ஸ்ட் மணல்வெளியில் ஃபிலாந்தஸ் என்ற தேனீக்கொல்லிக் குளவியைப் பார்த்துக்கிட்டு இருந்தார். நூற்றுக்கணக்கான துளைகள் ஒரே மணலில், ஒவ்வொருத்தியும் தன் துளைக்கே சரியா வந்து இறங்குறா. எப்படி? ஒரு துளையைச் சுத்தி பைன் மரக் காய்களை வட்டமா வெச்சார். குளவி அதுக்குப் பழகின பிறகு, அவள் வேட்டைக்குப் போன நேரத்தில் வட்டத்தைக் கொஞ்சம் தள்ளி வெச்சார். திரும்பி வந்தவ காய் வட்டத்தின் நடுவில் இறங்கித் துளையைத் தேடினா. உண்மையான துளை பக்கத்திலேயே திறந்து கிடந்தது. அப்போ அவள் கிளம்பும்போது துளைக்கு மேல வட்டமடிச்சுப் பறக்கிறது சுற்றுப்புறத்தை மனசில் பதிச்சுக்கிறதுக்கு. உங்க வாசல்லயும் பார்ப்பீங்க அக்கா. முதல் தடவை கிளம்பும்போது மட்டும் துளையைப் பார்த்த மாதிரி இப்படியும் அப்படியும் ஆடி ஆடிப் பறந்து, அப்புறம்தான் போவா.

தர்க்கம்:
இரண்டாவது குடியிருப்புப் பகுதி முக்கியமானது, ஏற்கிறேன். ஆனால் ஃபாப்ர் இன்னொன்றும் செய்தார் அல்லவா? குளவி துளையை மூடிக்கொண்டிருக்கும்போது அதை விலக்கி, உள்ளிருந்த இரையையும் முட்டையையும் எடுத்துவிட்டார். குளவி மறுபடி உள்ளே போய்ப் பார்த்தது. வெளியே வந்து காலித் துளையை அக்கறையாக மூடிவிட்டுப் போனது. உள்ளே எதுவும் இல்லை என்று கண்ட பிறகும்! இதை எப்படி எடுத்துக்கொள்வது? தூரத்து இடத்தை நினைவில் வைப்பது ஒரு திறமை. தான் செய்வது எதற்கு என்று தெரிவது வேறு.

பூச்சிநோட்டு:
நல்ல கேள்வி. மழுப்ப மாட்டேன், அந்தப் பரிசோதனை உண்மை. இதுக்கு நான் பார்த்ததில் சிறந்த விளக்கம் ஜெரார்ட் பேரன்ட்ஸ் 1941-ல் வெளியிட்ட ஆய்வு. டின்பெர்கனோட மாணவர், அதே ஹுல்ஷார்ஸ்ட். அவர் எடுத்தது கம்பளிப்புழு வேட்டையாடும் அம்மோஃபிலா.

இந்தத் தாய் ஒரு குழியை மூடிட்டுப் போயிடுற ரகம் இல்லை. முதலில் ஒரு புழுவைக் கொண்டு வந்து முட்டை வெச்சு மூடுவா. பிறகு வந்து திறந்து பார்ப்பா, முட்டை பொரிஞ்சிருந்தா இன்னும் சில புழு. மறுபடி ஒரு பார்வை, குஞ்சு பெரிசாகியிருந்தா ஒரேயடியா ஐந்தாறு புழு கொடுத்து கடைசியா மூடுவா. இதுக்கிடையில் வேற வேற வயசுக் குஞ்சுகளோட இரண்டு மூணு குழிகளை ஒரே சமயத்தில் நடத்திக்கிட்டு இருப்பா.

காலையில் இரை இல்லாம வெறுங்கையோட ஒவ்வொரு குழிக்கும் ஒரு சோதனை நடை போவா. பேரன்ட்ஸ் பிளாஸ்டர் வார்ப்பில் செயற்கை அறை செஞ்சு, உள்ளே இருக்கிறதை மாத்திப் பார்த்தார். சோதனைக்கு முன்னாடி சின்னக் குஞ்சை எடுத்துட்டுப் பெரிய குஞ்சை வெச்சா, தாய் அதுக்கேத்தபடி அதிகப் புழு கொண்டு வந்தா. புழுக்களை உள்ளே சேர்த்து வெச்சா, அன்னைக்குக் குறைவா கொண்டு வந்தா. ஆனா சோதனை முடிஞ்ச பிறகு மாத்தினா? கண்டுக்கவே இல்லை. இரையோட உள்ளே போறா, கண் எதிரே நிலைமை மாறியிருக்கு, ஆனா காலையில் போட்ட கணக்கையே அன்னைக்கு முழுக்க நடத்துறா.

ஃபாப்ரோட காலித் துளைக்கு இதில் பதில் இருக்குன்னு நான் நினைக்கிறேன். மூடுற கட்டத்துக்கு வந்தவளுக்கு, உள்ளே இருக்கிறதைப் பார்த்து முடிவெடுக்கிற நேரம் தாண்டிப் போச்சு. அவள் பார்க்கிறா, கணக்குப் போடுறா, அதை மணிக்கணக்கா நினைவில் வெச்சுக்கிறா. அந்தக் கணக்குக்கு ஒரு வேளை உண்டு, அவ்வளவுதான். எந்திரம் என்ற சொல்லில் இது அடங்காது. மனுசனைப் போல யோசிக்கிறாள் என்றும் நான் சொல்லல.

2023-ல் ஜெரமி ஃபீல்டும் அவர் குழுவும் இங்கிலாந்தின் சர்ரே பகுதியில் இதே அம்மோஃபிலாவைக் கவனிச்சு எழுதினாங்க. ஒருத்தி ஒன்பது குழி வரை நடத்தினா. மூத்த குஞ்சுக்கு முதல்ல, இளையதுக்குப் பின்னால என்று வரிசை வெச்சு ஊட்டினா. பக்கத்தில் அடுத்தவளோட குழிகளும் கலந்து கிடந்த வெறும் மண்ணில் தவறிப்போனது மிகச் சொற்பம். குண்டூசித் தலை அளவு மூளை அது, சார்.

தர்க்கம்:
பேரன்ட்ஸ் பற்றி இதுவரை படித்ததில்லை. "எப்போது பார்க்கிறது" என்பதுதான் கேள்வி என்றால் என் எதிர்ப்பு பாதியாகக் குறைகிறது. மீதிப் பாதியை வைத்திருக்கிறேன். தாயின் கணக்கு நாள்தோறும் மாறுகிறது என்பது நெகிழ்வு. அந்தக் கணக்கை எப்போது போடுவது என்பதே மாறாது என்றால், அடியில் இருப்பது இன்னும் நிரல்தான்.

முருங்கைமரம்:
ஒன்பது குழியை நினைப்புல வெச்சுக்குதா! நான் சொன்ன மண்ணெண்ணெய் யோசனைய விட்டுடுங்கம்மா. தம்பி, இதுங்களால வெள்ளாமைக்கு ஏதாச்சும் பிரயோசனம் உண்டா?

பூச்சிநோட்டு:
உண்டு அண்ணே. அம்மோஃபிலா புழுவைப் பிடிக்கும். பெம்பிக்ஸ் என்ற மணல் குளவி ஈக்களைப் பிடிக்கும், குஞ்சு வளர வளரத் தினமும் புதுசா கொண்டு வந்து கொடுக்கும். பிள்ளைப்பூச்சியைத் தேடிப் போறது லாரா என்ற குளவி. அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் புல்வெளியைப் பிள்ளைப்பூச்சி நாசம் பண்ணினப்போ, தென் அமெரிக்காவிலிருந்து இதைக் கொண்டு போய் விட்டாங்க, நிலைச்சுடுச்சு. அமெரிக்கா, கனடாவில் ஆஷ் என்ற மரங்களைச் சாகடிக்கிற பச்சை வண்டு எங்கே வந்திருக்குன்னு கண்டுபிடிக்க, செர்செரிஸ் குளவியோட துளைப் பக்கத்தில் காத்திருந்து அது தூக்கிட்டு வர்ற வண்டுகளைப் பார்க்கிறாங்க. மனுசன் வெச்ச பொறியில் சிக்காத வண்டு அதுகிட்ட சிக்கும். நம்ம ஊரிலும் நீலப்பச்சை மினுமினுப்போட குளோரியான் என்று ஒன்று உண்டு. பெரிய சில்வண்டை அதோட வளைக்குள்ளேயே நுழைஞ்சு துரத்தும். ஆனா பூச்சி மருந்து அடிச்ச வயலில் இரையும் இருக்காது, குளவியும் நிக்காது.

கரிசல்வீடு:
இன்னைக்கு மத்தியானம் ஒன்னு பாத்தேன். குளவி வெட்டுக்கிளிய இழுத்துக்கிட்டு வரும்போது பின்னாடியே ஒரு சின்ன சாம்பல் ஈ. குளவி நின்னா அதுவும் நிக்குது. குளவி துளைக்குள்ள போனதும் ஈ வாசல்ல வந்து உக்காந்துச்சு, எதையோ எட்டிப் பாக்குற மாதிரி. நான் கையால விரட்டிட்டேன். தப்பில்லையே?

பூச்சிநோட்டு:
சரியான கண்ணு அக்கா உங்களுக்கு. அது குளவி பின்னாடியே வர்ற திருட்டு ஈ. முட்டை போடாம நேரே பொடிப் புழுவையே இரை மேல விட்டுடும். அந்தப் புழு குளவிக் குஞ்சோட சாப்பாட்டைத் தின்னுடும். இரையை வாசலில் ரொம்ப நேரம் போட்டு வைக்கிறது குளவிக்கு ஆபத்து, அதுக்கு இதுவும் ஒரு காரணம். விரட்டினதில் தப்பு எதுவும் இல்லை. விரட்டாம விட்டாலும் தப்பில்லை, அதுவும் ஒரு பிழைப்பு.

தேன்பெட்டி:
மார்த்தாண்டத்திலிருந்து எழுதுகிறேன். எல்லோரும் குளவியைக் கொண்டாடுகிறீர்கள், தேனீ வளர்க்கிறவன் கஷ்டத்தையும் கேளுங்கள். எங்கள் பெட்டிகளுக்கு முன்னால் மணலில் துளை போட்டிருக்கும் மஞ்சள்–கருப்புக் குளவி பறக்கிற தேனீயைப் பிடித்துக்கொண்டு போகிறது. பிடித்த தேனீயின் வயிற்றை அமுக்கி, வாயில் வருகிற தேனை நக்குவதையும் பார்த்திருக்கிறேன். இது டின்பெர்கன் பார்த்த அதே குளவியா?

பூச்சிநோட்டு:
அண்ணாச்சி, அதே பேரினமா இருக்கலாம், இனம் வேற. டின்பெர்கன் பார்த்தது ஃபிலாந்தஸ் டிரையாங்குலம். தென்னிந்தியாவில் தேனீக்கு எதிரி என்று புத்தகங்களில் வருவது ஃபிலாந்தஸ் ராமகிருஷ்ணே, அப்புறம் பலாரஸ் ஓரியென்டாலிஸ். இரண்டும் மண்ணில் துளை போடுறதுதான். தேனை அமுக்கி நக்குறது ஃபிலாந்தஸ் வழக்கம்.

ஐரோப்பியக் குளவி முதல்ல கண்ணால் பார்த்துத் தேனீ பக்கம் போகும். கொஞ்சம் தள்ளிக் காற்றுக்குக் கீழ்ப்பக்கம் அந்தரத்தில் நின்னு மணம் பிடிக்கும். தேனீ மணம் வந்தால்தான் பாயும். ஒரு குஞ்சுக்கு ஒன்றிலிருந்து ஐந்து தேனீ வரை, பெண் குஞ்சுக்குக் கூடுதல். உங்க கஷ்டம் எனக்குப் புரியுது. ஆனா அந்த மண்ணறைக்குள்ள நடக்கிறதைச் சொல்லாம இருக்க முடியல. ஈரமான மண், செயலிழந்த தேனீ, பூஞ்சை பிடிக்க வேற என்ன வேணும்? தாய் தேனீயை முழுக்க நக்கி ஒரு கொழுப்புப் பூச்சு பூசுறா, தண்ணீர் துளிர்க்காம இருக்க. முட்டை நைட்ரிக் ஆக்சைடு வாயு விட்டுப் பூஞ்சையைக் கொல்லுது, இது 2019-ல் வெளியான ஆய்வு. அதுக்கு மேல, தாயோட உணர்கொம்புச் சுரப்பிகளில் ஸ்ட்ரெப்டோமைசஸ் வகை பாக்டீரியா குடியிருக்கு. அதை வெள்ளைப் பசையா அறையின் கூரையில் தடவுவா. புழு அதை எடுத்துத் தன் கூட்டு நூலோட சேர்த்துக்கும். மார்ட்டின் கால்டென்போத்தும் கூட்டாளிகளும் 2005-ல் எழுதினாங்க. அந்தக் கூட்டில் ஒன்பது வகை நுண்ணுயிர்க்கொல்லிகள் இருக்கிறதா 2010-ல் தெரிய வந்துச்சு.

தேன்பெட்டி:
சரி, எனக்கு வழி? மருந்து தெளித்தால் என் தேனீயும் சேர்ந்து போகும்.

பூச்சிநோட்டு:
தெளிக்கவே வேண்டாம். வெயில் நல்லா விழுற, செடி இல்லாத இளகின மணல்தான் அதுங்களுக்குப் பிடிச்ச இடம். பெட்டிகளுக்கு முன்னாடி புல் வளர விடுங்க, இல்லைன்னா தென்னை மட்டை, சருகு பரப்பி நிழல் பண்ணுங்க. துளை அதிகமா இருக்கிற மணல்மேட்டிலிருந்து பெட்டியைத் தள்ளி வைங்க. ரப்பர் தோப்புக்குள்ள வெச்ச பெட்டிக்கு இந்தத் தொல்லை குறைவா இருக்கும். உங்க பக்கத்தில் எப்படி இருக்குன்னு பார்த்துச் சொல்லுங்க.

தேன்பெட்டி:
தோப்பில் உள்ள பெட்டிகளில் இது இல்லை என்பது உண்மைதான். சாலையோரம் வைத்த பெட்டிகளில்தான். இந்த வாரம் அவற்றை இரவோடு இரவாக மாற்றிவிட்டு, பிடித்த குளவியின் படத்தை இங்கே போடுகிறேன்.